ஒரு வருடம் பொறுத்தால் என்ன?

போன ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் லூர்து மாதா கோயிலில் உறுதிப்பூசுதல் திருப்பலி. பாகூரிலிருந்து குடும்பத்தோடு போயிருந்தோம். என் அண்ணன் பேரன் வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் நின்றான். அவனோடு நிற்க வேண்டிய அவன் அக்கா எனக்குப் பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

பதினைந்து நாளைக்கு முன்னால் அவள் என்னிடம் வந்தாள். "சின்ன தாத்தா, ஆயர் கேட்கும்போது விசுவசிக்கிறேன்னு எல்லாரும் சொல்லணுமாம். ஆயாவுக்காக அவ்வளவு செபம் பண்ணோம், போயிட்டாங்க. எனக்கு மனசுல கேள்வி இருக்கு. கோயில்ல நின்னு பொய் சொல்லலாமா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. என் அண்ணி போன துக்கம் எனக்கும் இன்னும் ஆறவில்லை.

வீட்டில் பெரிய சத்தம். உடை தைத்தாயிற்று, விருந்துக்குச் சொல்லியாயிற்று, ஞானத்தாய் சங்கிலி வாங்கிவிட்டார். ஊர் என்ன சொல்லும்? நான் பெண் பக்கம் நின்றேன். கிழவன் பிள்ளையைக் கெடுக்கிறான் என்று பெயர் வாங்கினேன். கடைசியில் பங்குச் சாமியாரிடம் போனோம். அவர், "அவசரமில்லை, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார்.

ஞானஸ்நானத்தில் குழந்தைக்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுக்கிறார்கள். உறுதிப்பூசுதலில் பிள்ளை அதே வாக்கைத் தன் வாயால் புதுப்பிக்கிறது. ஞானப்பெற்றோர் தோளில் கை வைக்க, ஆயர் நெற்றியில் கிறிஸ்மா தைலம் பூசுகிறார். புனித வாரத்தில், நம்மவர்கள் சம்பா கோயில் என்று சொல்லும் ஜென்மராக்கினி மாதா பேராலயத்தில் பேராயர் மந்திரித்த தைலம் அது. ஒலிவ எண்ணெயில் பரிமளத் தைலம் கலந்தது. ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் இந்த அருட்சாதனம். புத்தி விவரம் தெரிந்தவர் தக்க போதனை பெற்று, மனத்தகுதியோடு, ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. விருந்துக்கு ஆள் சொல்லியாயிற்றா என்று அது கேட்கவில்லை.

"இப்போ விட்டா அப்புறம் கோயில் பக்கமே வரமாட்டா" என்று அவள் அப்பா பயந்தான். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் என் கதையையும் கேளுங்கள். 1964-ல் எனக்குப் பத்து வயது. ஞானோபதேசக் கேள்வி பதிலை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தேன். தைலம் பூசியதும் பேராயர் கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். விசுவாசத்துக்காக எதையும் தாங்க வேண்டும் என்பதற்கு அது அடையாளம். 1971-ல் வந்த புதுச் சடங்கில் அந்தத் தட்டு இல்லை. சமாதான வாழ்த்து மட்டும்தான். கன்னத்தில் தட்டு வாங்கியும் நான் என்ன செய்தேன்? இருபது வயதிலிருந்து நாற்பது வயது வரைக்கும் கல்யாணம், அடக்கம் என்றால்தான் கோயிலுக்குப் போனேன். என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. எனக்கும் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. முன்வரிசையில் நிறுத்திவிட்டால் பிள்ளை நிலைத்துவிடும் என்பதற்கு நானே எதிர்சாட்சி.

பொய் சொல்ல மாட்டேன் என்று ஒரு பதினாலு வயசுப் பெண் சொல்கிறாள் என்றால், நாம் கற்றுக்கொடுத்தது அவளுக்குள் இறங்கியிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். அவள் கேள்வியை அடக்கினால் அவள் கோயிலில் இருப்பாள், மனம் இருக்காது.

பூசை முடிந்து குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தோம். தம்பி ஓடிவந்தான். அவன் நெற்றியை முகர்ந்து பார்த்து, "நல்லா வாசனையா இருக்குடா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் வாங்கறப்போ தோள்ல நீங்க கை வைப்பீங்களா?" என்று கேட்டாள். வைக்கிறேன் என்றேன். எப்போது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இந்த வருடம் உறுதிப்பூசுதல் இருக்கலாம். பத்திரிகை அடிக்கும் முன்னால் பேரப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லை என்றால், ஒரு வருடம் பொறுங்கள்.