கண்மாய்க் கரைக்கு எந்த மண்?

வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் கவிநாடு கண்மாய் முதல் சின்னஞ்சிறு ஏந்தல் வரை ஆயிரக்கணக்கான நீர்நிலைகளைக் காப்பது மண் கரைதான். மராமத்தின்போது கரையின் உயரத்தையும் அகலத்தையும் அளக்கிறோம். கொட்டுகிற மண் எப்படிப்பட்டது என்று யாரும் பார்ப்பதில்லை.

தண்ணீர் மேலே வழிந்து உடையும் கரையைப் பார்த்திருக்கிறோம். உள்ளுக்குள்ளேயே அரிபடும் கரை அதைவிட ஆபத்தானது. கசியும் நீர் மண் துகள்களை இழுத்து வர, கரைக்குள் எலி வளை போலத் துளை விழுகிறது. அது கண்மாய்த் தண்ணீரை எட்டிவிட்டால் கரை தாங்காது. அமெரிக்காவின் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று இப்படித்தான் போனது. காலையில் கலங்கல் கசிவு தெரிந்தது. நண்பகலுக்குள் அணை உடைந்து 11 பேர் இறந்தனர்.

களிமண் என்றாலே கரைக்கு நல்லது என்று நினைக்கிறோம். சோடியம் மிகுந்த களர் களிமண் தண்ணீரில் தானாகவே கரையும். இதை வீட்டிலேயே பார்க்கலாம். சுண்டைக்காய் அளவு மண் கட்டியை, ஈரம் காயாமல், மழைநீர் நிரப்பிய கண்ணாடி டம்ளரில் மெதுவாகப் போடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு உண்மையை மறைத்துவிடும். ஒரு மணி நேரம் அசைக்காதீர்கள். கட்டியைச் சுற்றிப் பால் போலக் கலங்கல் பரவினால் அந்த மண்ணை அப்படியே கரையில் போடக் கூடாது. நீர் தெளிந்திருந்தாலும் அது முழு உத்தரவாதம் அல்ல; மணல் கலந்த மண்ணும் அரிபடும். ஆய்வகப் பரிசோதனை அவசியம்.

மடையை ஒட்டிய இடம், வெட்டிய கருவேலத்தின் மக்கிய வேர், எலி, நண்டு வளைகள் ஆகியவைதான் அரிப்பு தொடங்கும் வாசல்கள். மழைக்கு முன்பே தோண்டி, நல்ல மண்ணை அரையடி அடுக்குகளாக நனைத்து இறுக்க வேண்டும்.

கண்மாய் நிறைந்தபின் கரையின் வெளிப்புறத்தைத் தினமும் பாருங்கள். கசிவு தெளிவாக, கூடாமல் இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் உடனே நீர்வளத்துறைக்கோ ஊராட்சி ஒன்றியத்துக்கோ தகவல் சொல்லி, தாழ்வான பகுதி மக்களை எச்சரியுங்கள். துளையின் வாயைக் களிமண்ணால் அடைக்காதீர்கள். நீர் வேறு வழி தேடும். கசிவின்மேல் மணலும், அதன்மேல் ஜல்லியும் பரப்பினால் தண்ணீர் போகும், மண் நிற்கும்.

இனி ஒவ்வொரு மராமத்து மதிப்பீட்டிலும் கரை மண் பரிசோதனைக்கு ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். வயல் மண்ணைச் சோதிக்கச் சொல்லும் வேளாண் அலுவலர்கள், கரை மண்ணையும் சோதிக்கச் சொல்லட்டும். கரை போனால் வயலும் இல்லை.