நாம் தேடும் வசனமும் நம்மைத் தேடி வரும் வசனமும்



வேலை மாற்றம், பிள்ளையின் திருமணம், வீடு வாங்குதல் என ஏதேனும் ஒரு தீர்மானம் நம்முன் நிற்கும்போது, ஆண்டவர் இன்று என்ன வசனம் தருவாரோ என்ற ஏக்கத்தோடு வேதத்தைத் திறக்கிறோம். அந்த ஏக்கம் நல்லது. தேவன் தமது வார்த்தையினால் இன்றும் நம்மை நடத்துகிறார் என்பதே நம் விசுவாசம். ஆயினும், மனம் விரும்பும் வசனம் அகப்படும்வரை பக்கங்களைப் புரட்டுவது வேதவாசிப்பு ஆகாது. நாம் முன்னமே எடுத்த முடிவுக்குத் தேவனுடைய கையொப்பத்தைக் கேட்பதே அது.

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி காணப்படும் எரேமியா 29:11-ஐ நோக்குங்கள். கர்த்தர் தம் மக்களுக்கு நன்மையையே நினைத்திருக்கிறார் என்னும் இவ்வார்த்தை, பாபிலோனில் சிறைப்பட்டிருந்தோருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் உள்ளது. அதற்கு முந்தின வசனம் 70 ஆண்டுகள் என்று காலம் குறிக்கிறது. அதற்கும் முன்பு, அந்நிய பட்டணத்திலேயே வீடு கட்டவும், தோட்டம் நாட்டவும், அப்பட்டணத்தின் நலனுக்காக ஜெபிக்கவும் கட்டளை உண்டு. முந்தின அதிகாரத்திலோ, இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா கர்த்தரின் பெயரால் பொய்யாய் உரைத்தான். அட்டையை மட்டும் வாசிக்கிறவன் எரேமியாவின் வசனத்தில் அனனியாவின் செய்தியைக் கேட்டுவிடக்கூடும். அதிகாரத்தை வாசிக்கிறவனோ, இருக்கிற இடத்தில் உண்மையாய் இருக்கக் கற்றுக்கொள்கிறான்.

அப்படியானால், அன்று ஒருவருக்கு எழுதப்பட்டது இன்று எனக்கென வராதா? வரும். ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1939 ஜூன் மாதம் நியூயார்க் சேர்ந்தார். அங்கே பாதுகாப்பும் பணியும் காத்திருந்தன. ஆனால், துன்பத்தில் இருக்கும் தம் சபையாரை விட்டு வந்தது அவர் மனசாட்சியை உறுத்தியது. திரும்பிப் போகத் தீர்மானித்தும் உள்ளம் கலங்கியிருந்த நாட்களில், ஜூன் 26 அன்று 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தை வாசித்தார். குளிர்காலத்திற்குள் வந்துவிடுமாறு பவுல் தீமோத்தேயுவை வேண்டும் பகுதி அது. இதைத் தமக்கென ஏற்பது வேதத்தைத் தவறாகக் கையாளுவது ஆகாது என்று நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் கப்பலேறினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

அந்த வசனம் அவருக்குச் சுகத்தை வாக்களிக்கவில்லை, கீழ்ப்படிதலையே கேட்டது. அது நாள்தோறும் வாசித்துத் தியானித்த ஒருவரிடம், ஏற்கெனவே மனசாட்சியில் கேட்ட சத்தத்தை உறுதிப்படுத்த வந்தது.

ஆகையால் அன்பானவர்களே, அட்டவணைப்படியோ புத்தக வரிசைப்படியோ வாசியுங்கள். பிடித்த பகுதிகளை மட்டும் தெரிந்தெடுக்காதீர்கள். இது யாருக்கு, எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று முதலில் கேளுங்கள். பின்பு, இன்று இது என்னிடம் எதைக் கேட்கிறது என்று கேளுங்கள். பெரிய தீர்மானமெனில் விசுவாசத்தில் முதிர்ந்த ஒருவரோடு கலந்து பேசுங்கள். மாதக்கணக்காக நீங்கள் வாசிக்கும் வசனங்கள் யாவும் உங்கள் விருப்பத்திற்கே இசைந்திருந்தால், பேசுகிறவர் யாரென்று சற்றே நின்று சோதித்துப் பாருங்கள்.

ஜெபம்: ஆண்டவரே, எங்களுக்கு இனிமையானதை மட்டுமல்ல, நீர் சொல்வதைக் கேட்கும் செவியையும், கேட்டபடி நடக்கும் பெலனையும் தாரும். ஆமென்.