தடுப்பூசி: பெற்றோர் கேட்கும் கேள்விகளும் எங்கள் நிலைப்பாடும்

பெண்ணாடத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள ஆசிரியர்கள், பெற்றோர், ஓய்வுபெற்ற செவிலியர்கள், விவசாயிகள் சேர்ந்து நடத்தும் நலவாழ்வுக் குழுவின் அறிக்கை இது. அங்கன்வாடி வாசலிலும் டீக்கடையிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் மூன்று. "ஒரு புள்ளைக்கு எத்தனை ஊசிதான் போடுவீங்க?" "ஊசி போட்டா காய்ச்சல் வருது, அப்புறம் எப்படிங்க அது பாதுகாப்பு?" "எங்க காலத்துல இதெல்லாம் இல்லையே, நாங்க வளரலையா?" கேட்பவர்கள் பிள்ளை மீது அக்கறை உள்ளவர்கள். அவர்களுக்கு நேரான பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எங்கள் நிலைப்பாடு சுருக்கமாக:

1. அரசின் அட்டவணையில் உள்ள எல்லாத் தடுப்பூசிகளையும் உரிய வயதில் குழந்தைகளுக்குப் போட வேண்டும்.

2. தடுப்பூசியால் எந்தத் தீங்கும் வராது என்று யாரும் சொல்லக் கூடாது. வரக்கூடிய தீங்கு எது, எவ்வளவு அரிது, வந்தால் என்ன செய்வது என்பதை ஊசி போடும் முன்பே சொல்ல வேண்டும்.

3. ஊசிக்குப் பின் ஒரு குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு வந்தால், விசாரணையின் முடிவு அந்தக் குடும்பத்துக்கும் ஊருக்கும் தமிழில் தெரிய வேண்டும்.

4. தயங்கும் பெற்றோரை ஏசுவதையும் மிரட்டுவதையும் எதிர்க்கிறோம்.

இந்த நிலைப்பாட்டுக்கு வந்த வழியைக் கீழே விளக்குகிறோம்.

உடம்புக்குள் நடப்பது

ஒரு கிருமி முதல் முறை உடம்புக்குள் வரும்போது, அதற்கு ஏற்ற எதிர்ப்புப் புரதங்களைப் போதுமான அளவு தயாரிக்க வெள்ளணுக்களுக்கு ஒன்று, இரண்டு வாரம் பிடிக்கும். அந்த இடைவெளியில்தான் நோய் ஆளைச் சாய்க்கிறது. பிழைத்துக்கொண்டால், அந்தக் கிருமியின் அடையாளத்தை வைத்திருக்கும் நினைவு அணுக்கள் உடம்பில் தங்கிவிடும். அடுத்த முறை அதே கிருமி வந்தால் சில நாட்களிலேயே வேலை முடிந்துவிடும்.

பிழைத்தவருக்கு மட்டும் கிடைக்கும் இந்தப் பாடத்தை, நோயில் விழாமலேயே கற்றுக்கொடுப்பதுதான் தடுப்பூசி. தட்டம்மை–ரூபெல்லா ஊசியிலும் பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசியிலும் இருப்பவை வலுக்குறைத்த உயிருள்ள கிருமிகள். கக்குவான் இருமலுக்குக் கொல்லப்பட்ட கிருமி. ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் நச்சுத்தன்மை நீக்கிய நஞ்சு. மஞ்சள் காமாலையின் 'பி' வகைக்குக் கிருமியின் மேலுறைப் புரதம் மட்டும். ஊசி போட்ட அன்று வரும் லேசான காய்ச்சலும் தொடை வீக்கமும் உடம்பு இந்தப் பாடத்தைப் படிக்கத் தொடங்கியதன் அறிகுறி. நம் பிரளயகாலேஸ்வரர் கோயிலில் ஊழிவெள்ளத்தை எதிர்கொள்ள நந்தி வாசலைப் பார்த்துத் திரும்பியதாகக் கதை சொல்வார்கள். வெள்ளம் ஊருக்குள் வருமுன் திரும்பியதில்தான் அந்தக் கதையின் பொருள் இருக்கிறது.

"நாங்க வளரலையா?" என்பதற்கும் பதில் உண்டு. வளர்ந்தவர்கள்தான் இன்று இருந்து இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். வளராமல் போனவர்கள் கேட்க முடியாது. தவிர, ஐம்பதைக் கடந்த பலரின் கையில் பெரியம்மைக்குக் குத்திய தழும்பு இன்னும் இருக்கிறது. 1975க்குப் பிறகு இந்தியாவில் அந்த நோய் பரவவில்லை. 1980இல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. இளம்பிள்ளை வாதமும் அப்படித்தான்: இயற்கையான போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில்.

நம் வயலோரத்து நோய்

எல்லாத் தடுப்பூசியும் ஒரே விதத்தில் காப்பதில்லை. இதைப் புரிந்துகொள்ள நம் வட்டாரத்தை விட நல்ல இடம் கிடையாது.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்ற பெயரைக் கேட்டால் வெளிநாட்டு நோய் போலத் தோன்றும். உண்மையில் பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு நன்கு பழகிய நோய் அது. அதைப் பரப்பும் கொசு நெல்வயலில் தேங்கிய நீரில் வளர்கிறது. கிருமி பெருகுவது பன்றிகளிலும் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளிலும். இந்தக் கொசுவையும் நோயையும் ஆராய, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மதுரை மையம் நமக்குப் பக்கத்து ஊரான விருத்தாசலத்தில் களநிலையமே வைத்து வேலை செய்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கிருமி தொற்றிய சுமார் 250 பேரில் ஒருவருக்கு நோய் கடுமையாகிறது. அப்படிக் கடுமையானால் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கக்கூடும். பிழைத்தவர்களிலும் பலருக்கு வலிப்பு, பேச்சிழப்பு, கைகால் முடக்கம் நிலைத்துவிடும். நோயைக் குணமாக்கத் தனி மருந்து கிடையாது. ஆகவேதான் கடலூர் மாவட்டக் குழந்தைகளுக்கு 9 மாதத்திலும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் இந்த ஊசி போடப்படுகிறது. தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இது போடப்படுவதில்லை.

இந்த நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. அதனால் தெருவில் உள்ள அத்தனை பிள்ளைகளும் ஊசி போட்டுக்கொண்டாலும், போடாத ஒரு பிள்ளைக்கு அதனால் எந்தக் காவலும் இல்லை. கொசுவும் கொக்கும் வயலில் இருக்கும்வரை ஆபத்தும் இருக்கும். மண்ணிலும் சாணத்திலும் கிடக்கும் ரண ஜன்னிக் கிருமிக்கும் இதே கதைதான். "எல்லாரும் போட்டுக்கிட்டாங்க, எம்புள்ளைக்கு வேணாம்" என்ற கணக்கு இந்த இரண்டிலும் செல்லாது.

தட்டம்மை நேர்மாறானது. நம் பக்கத்தில் மணல்வாரி என்று சொல்லும் அந்த நோய், நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் தங்கித் தொற்றக்கூடியது. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவும். நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு தவணையும் போட்டால்தான் பரவல் நிற்கும். 9 மாதம் நிரம்பாத கைக்குழந்தைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள பிள்ளைக்கும் இந்த ஊசி போட முடியாது. அவர்களுக்குக் காவல் ஊரில் மற்றவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசிதான். இதோடு சேர்த்துப் போடப்படும் ரூபெல்லா ஊசி இன்னும் பிறக்காத பிள்ளைக்கானது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தை கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறோடு பிறக்கக்கூடும்.

அம்மை இறங்கிய வீட்டில் வேப்பிலை கட்டுவதையும் வெளியார் வராமல் இருப்பதையும் நாங்கள் குறை சொல்லவில்லை. நோயாளியைத் தனியே வைக்கும் வழக்கம் நல்லதே. ஆனால் மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ தண்ணீர் ஊற்றும் நாள்வரை காத்திருக்கக் கூடாது. தட்டம்மையில் குழந்தைகள் பெரும்பாலும் இறப்பது நிமோனியாவால்.

எவ்வளவு பாதுகாப்பு?

தட்டம்மை உள்ள தடுப்பூசி போட்ட ஒன்று, இரண்டு வாரத்தில், சுமார் 3,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒருவருக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும். பெரும்பாலும் தடயமின்றிச் சரியாகிவிடும். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை சுமார் பத்து லட்சம் தவணைகளில் ஒன்று. அதுவும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும் என்பதால்தான் ஊசி போட்ட இடத்தில் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். மறுபக்கத்தில், தட்டம்மை வந்த ஆயிரம் பேரில் ஒருவருக்கு மூளையழற்சி, இருபது குழந்தைகளில் ஒருவருக்கு நிமோனியா. இரண்டு தட்டையும் எடைபோட்டுத்தான் நாங்கள் ஊசியின் பக்கம் நிற்கிறோம்.

தட்டம்மை உள்ள தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயத்துக்கு மூலம், 1998இல் லண்டனின் 'லான்செட்' இதழில் 12 குழந்தைகளை வைத்து வெளிவந்த கட்டுரை. அதை 2010இல் அந்த இதழே திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களிடம் ஆட்டிசம் கூடுதலாகக் காணப்படவில்லை.

தமிழ்நாட்டிலேயே இன்னொரு சான்று உண்டு. 1955இல் ராஜாஜி பி.சி.ஜி. ஊசியை எதிர்த்து எழுதினார், பேசினார். அந்த ஊசி எந்த அளவு காக்கிறது என்பதற்கு விடை, 1968 முதல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் சுமார் 2,60,000 பேரை வைத்து நடந்த ஆய்விலிருந்து கிடைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று ஆய்வாளர்கள் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். சிசுக்களைத் தாக்கும் மூளைக்காசநோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்றுகள் இருப்பதால் பிறந்ததும் போடுவது தொடர்கிறது. பலிக்காததையும் சொல்லும் அறிவியல்தான், பலிக்கிறது என்று சொல்லும்போது நம்பத்தக்கதாகிறது.

மறக்கக் கூடாத நிகழ்வுகள்

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்று நான்கு குழந்தைகள் இறந்தன. அந்தப் பெற்றோரின் துயரத்தைப் புள்ளிவிவரத்தால் மூட எங்களுக்கு மனமில்லை. அதன் பிறகு ஊர் ஊராகப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அரசு மாற்றியது. பயத்தோடு தொலைவும் சேர்ந்துகொண்டது. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு ஊசி போடும் புதன்கிழமை என்பது ஒரு நாள் சம்பளம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 2005–06இல் 81 விழுக்காடு. 2015–16இல் 70 விழுக்காடு. சரிவுக்கு அந்த ஒரு மாற்றம் மட்டுமே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் ஊசியைத் தள்ளி வைத்தால் தாயும் தள்ளிப்போவார் என்பதை அனுபவத்தில் அறிவோம். 2019–21இல் இந்த அளவு 89 விழுக்காட்டுக்கு மீண்டது.

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லோருக்கும் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியால் பள்ளிகளில் பெற்றோர் மறுத்தார்கள். இயக்கத்தின் கெடுவை நீட்டிக்க வேண்டி வந்தது. 2021 ஏப்ரலில் நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் காலமானார். தடுப்பூசி காரணமல்ல என்ற அரசுக் குழுவின் முடிவு மக்களுக்குத் தெரிய அக்டோபர் ஆனது. அந்த ஆறு மாதமும் வதந்திக்குத் திறந்துவிட்ட வயல். பதில் தாமதமானால் சந்தேகம் வேர்விடும். அந்தத் தாமதத்துக்குப் பொறுப்பு மக்களுடையது அல்ல.

எங்கள் கோரிக்கைகள்

சுகாதாரத் துறைக்கு:

ஒன்று. சாலை வசதி குறைந்த குக்கிராமங்களில், அவசர மருந்தோடும் பயிற்சி பெற்றவர்களோடும் மாதம் ஒரு முறையாவது ஊசி முகாம் நடத்த வேண்டும். கரும்பு வெட்ட வந்து தங்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, தாய் சேய் நல அட்டை இல்லாவிட்டாலும் திருப்பி அனுப்பாமல் விட்டுப்போன தவணைகளைப் போட வேண்டும்.

இரண்டு. தூளாக வரும் ஊசிமருந்தைக் கரைக்கும் திரவத்தை வேறு எந்த மருந்தோடும் ஒரே பெட்டியில் வைக்கக் கூடாது. கரைத்த தட்டம்மை மருந்தை நான்கு மணி நேரத்துக்குப் பிறகு பயன்படுத்தக் கூடாது. இந்த விதிகள் ஏற்கெனவே உள்ளவை. கடைப்பிடிக்கப்படுவது பெற்றோர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மூன்று. கடுமையான பாதிப்பு நேர்ந்தால் ஒரு வாரத்துக்குள் குடும்பத்துக்கு முதல் விளக்கமும், விசாரணை முடிந்ததும் பெயர் மறைத்து ஊருக்கு முழு முடிவும் தர வேண்டும்.

நான்கு. தடுப்பூசியால்தான் தீங்கு என்று உறுதியானால், நீதிமன்றம் ஏறாமலேயே இழப்பீடு கிடைக்கச் சட்டம் வேண்டும். தடுப்பூசித் தீங்குக்கு இழப்பீடு தர பிரிட்டன் 1979இலும் அமெரிக்கா 1986இலும் சட்டம் இயற்றிவிட்டன. ஊருக்காகவும் சேர்த்து ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது.

ஐந்து. ரேஷனை நிறுத்துவோம், பள்ளியில் சேர்க்க மாட்டோம் என்று எந்த அலுவலரும் மிரட்டக் கூடாது.

பெற்றோருக்கு:

ஊசி போடும் முன் இது எந்த நோய்க்கு, என்ன பக்கவிளைவு வரும், அடுத்த தவணை எப்போது என்று கேளுங்கள். மருந்துக் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். அதன் மேல் ஒரு வட்டமும் நடுவில் சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தை விட வெளிறி இருந்தால் மருந்து வெப்பத்தில் கெடவில்லை. இரண்டும் ஒரே நிறமானால் அதைப் போடக் கூடாது. ஊசிக்குழல் புதிதாகப் பிரிக்கப்படுகிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ, முந்தைய ஊசியில் ஒவ்வாமை வந்திருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு வலிப்பு, மூச்சுத்திணறல், நிற்காத அழுகை இருந்தால் 108ஐ அழையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன் கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கேள்வியோடு வாருங்கள், பிள்ளையோடும் வாருங்கள். ஒவ்வொரு புதன்கிழமையும் அரசு சுகாதார நிலையங்களில் இந்த ஊசிகள் அனைத்தும் இலவசமாகப் போடப்படுகின்றன. தவணை தவறிப்போயிருந்தாலும் பரவாயில்லை, வரும் புதன்கிழமை தாய் சேய் நல அட்டையை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.