கடல் நமக்குச் சோறு மட்டும்தானா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பேரவைச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தார். ஆளாளுக்கு "இளைஞர் கையில் இந்தியா", "வேலையில்லாத் திண்டாட்டம்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் "பாய்மரப் படகில் உலகம் சுற்றுவது" என்றேன். வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "ஏலே, மொதல்ல அரியரைச் சுத்தி முடில" என்றான். (எனக்கு இருப்பது ஒரே ஒரு அரியர். அதுவும் கணிதம். அதை விடுங்கள்.)

அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

என் தாத்தா தோணியில் கலாசியாக இருந்தவர். இன்ஜின் வருவதற்கு முன்னால், வெறும் பாயை நம்பி இங்கிருந்து கொழும்புக்குப் போனவர்கள் அவர்கள். சுமார் 150 கடல் மைல். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் சொல்லி, ஏதோ சொந்தக்காரர் வருவது போலப் பேசுவார். இராத்திரி வெள்ளியைப் பார்த்துத் தண்டல் திசை சொல்ல, சுக்கானைப் பிடித்திருப்பார்களாம். அப்பாவும் தோணிதான். இன்ஜின் தோணி, மாலத்தீவு ஓட்டம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக் வாசலை மிதித்த அன்று அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ கடலுக்குப் போவக் கூடாதுன்னுதான்ல ஒன்னய இங்கன சேத்திருக்கேன்."

அப்படிப்பட்ட அப்பாவிடம் போய், சம்பளம் இல்லாமல், சரக்கு இல்லாமல், சும்மா உலகத்தைச் சுற்றிவரக் கடலுக்குப் போகணும் என்று எப்படிச் சொல்வது? திரவியம் தேடக் கடலேறச் சொன்ன ஔவைப்பாட்டி நமக்கு உண்டு. சும்மா பார்த்துவிட்டு வரக் கடலேறச் சொன்ன பாட்டி யாரும் இல்லையே!

ஆனால் நண்பர்களே, அப்படிப் போனவர்கள் எல்லாம் கோடீஸ்வரர்கள் என்று நாம் நினைப்பது தப்பு. முதன்முதலில் தன்னந்தனியாக உலகத்தைச் சுற்றியவர் ஜோஷுவா ஸ்லோக்கம். பாய்க்கப்பல்களின் காலம் முடிந்து வேலையில்லாமல் நின்ற கப்பல் கேப்டன். வயல்வெளியில் மக்கிக் கிடந்த ஒரு பழைய படகு அவருக்குச் சும்மா கிடைத்தது. 13 மாதம் தன் கையாலேயே பலகை பலகையாக மாற்றினார். சாமான் செலவு 553 டாலரும் சில்லறையும் என்று அவரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். 1895-ல் கிளம்பும்போது வயது 51. 1898-ல் ஊர் திரும்பினார். இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவருக்கு நீச்சல் தெரியாது!

அடுத்தது, இடையில் எங்குமே நிற்காமல் தனியாகச் சுற்றிய முதல் மனிதர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968 ஜூனில் கிளம்பி 1969 ஏப்ரலில் கரை சேர்ந்தார், 312 நாள். அந்தப் போட்டியில் கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. அவருடைய 32 அடி 'சுஹைலி' எங்கே கட்டியது? மும்பையில்! நம் நாட்டுத் தச்சர்கள் தேக்கில் இழைத்தது. அதோடு, அவர் வேலை பார்த்த கம்பெனி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன். பெயரைக் கேட்டதும் ஏதோ ஞாபகம் வருகிறதா? 1906-ல் நம் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, இதே தூத்துக்குடி - கொழும்பு வழியில் எதிர்த்து நின்றது அந்தக் கம்பெனியைத்தான்.

நம்மவர்கள் யாரும் இல்லையா என்று கேட்பீர்கள். கடற்படை அதிகாரி திலீப் தோண்டே 2009-10-ல் கோவாவில் கட்டிய 'மாதே' படகில் தனியாகச் சுற்றிய முதல் இந்தியர். அதே படகில் 2012 நவம்பரில் மும்பையை விட்டு, எங்கும் நிற்காமல் 2013 மார்ச் 31 அன்று திரும்பியவர் அபிலாஷ் டோமி. பிறகு சுஹைலியைப் போலவே கோவாவில் கட்டிய 'துரியா'வில் 2018 கோல்டன் குளோப் போட்டிக்குப் போனார். அந்தப் போட்டியில் ஜி.பி.எஸ். கூடாது. செக்ஸ்டன்டை வைத்து சூரியனையும் வெள்ளியையும் பார்த்துத்தான் போக வேண்டும், என் தாத்தாவின் தண்டலைப் போல! இந்துமாக்கடலின் தெற்கே புயலில் படகு குப்புறப் புரண்டது. பாய்மரம் ஒடிந்தது, முதுகெலும்பும் ஒடிந்தது. மூன்று நாள் அசைய முடியாமல் கிடந்தவரை ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து மீட்டது. மனுஷன் அத்தோடு வீட்டில் உட்கார்ந்தாரா? முதுகில் உலோகக் கம்பியோடு 2022-ல் அதே போட்டிக்கு மறுபடி போய், 236 நாளில் இரண்டாவதாக வந்தார். முதலாவது வந்தது தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நியூஷாஃபர், ஒரு பெண். தோழியர் கவனிக்க. புதுச்சேரி ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோடு தில்னாவும் 2024 அக்டோபர் 2-ல் 'தாரிணி'யில் கோவாவை விட்டு, எட்டு மாதம் இரண்டே பேராய் உலகத்தைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பியதையும் கவனிக்க.

அபிலாஷ் கதையில் எனக்குப் பிடித்தது வீரம் கூட இல்லை, ஒர்க்‌ஷாப் வேலை. தனி ஆள் எட்டு மாதம் தூங்காமல் சுக்கான் பிடிக்க முடியுமா? அதற்குப் படகின் பின்னால் ஒரு காற்றுத்தகடு இருக்கும். படகு திசை மாறினால் காற்று தகட்டைச் சாய்க்கும், அது சுக்கானைத் திருப்பும். கரண்டும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். அந்தச் சாதனம் உடைந்தபோது படகின் கழிவறைக் கதவைக்கூட அறுத்துச் சரிபண்ணியிருக்கிறார். ஃபைலும் ஹேக்ஸாவும் பிடித்துக் கை காய்த்துப் போன நமக்கு இது எட்டாத வித்தையா, சொல்லுங்கள்?

நானும் ஒருமுறை முயற்சி பண்ணினேன். சொன்னால் மறுபடி சிரிப்பீர்கள், பரவாயில்லை. பத்தாம் வகுப்பு முடித்த வருஷம் ஆனி மாதம், திரேஸ்புரத்தில் கூட்டாளியின் மாமா வள்ளத்தை எடுத்துக்கொண்டு, மூங்கில் நட்டு, தார்ப்பாயைக் கட்டி மூன்று பேர் கிளம்பினோம். ஆஹா! போனது பாருங்கள் ஒரு போக்கு! இன்ஜின் சத்தம் இல்லை, டீசல் நாத்தம் இல்லை, தண்ணீர் கிழியும் சத்தம் மட்டும். அரைமணி நேரம் ராஜாதான். திரும்பலாம் என்று பார்த்தால் வள்ளம் திரும்பவே மாட்டேன் என்கிறது. கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்குத் தள்ளுகிறது. பாயை எப்படிப் பிடித்தாலும் வள்ளம் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போகிறது. கரை கோடாகிப் போச்சு. ஒருத்தன் அழ ஆரம்பித்துவிட்டான் (நான் இல்லை). சாயங்காலம் மீன்பிடித்துத் திரும்பிய ஒரு வள்ளக்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தார். கரையில் அப்பா நின்றார். அடி விவரம் வேண்டாம்.

அன்று இரவு தாத்தாதான் விளக்கினார். "அடியில ஆழம் இல்லாத வள்ளத்துல பாய் கட்டுனா காத்து போற எடத்துக்குத்தான் போவ. எதிர்காத்துல ஏறணும்னா தண்ணிக்குள்ள ஒரு பிடிமானம் வேணும்ல." பிறகு புத்தகத்தில் பார்த்தேன், அதே விஷயம்தான். அடியில் இறங்கியிருக்கும் கீல் பக்கவாட்டில் நழுவவிடாது, அதனால் காற்றுக்கு எதிராகக்கூட வளைந்து வளைந்து முன்னேறலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத தாத்தாவுக்கு இந்த மெக்கானிக்ஸ் எப்படித் தெரிந்தது என்று அன்று யோசித்தவன்தான், இன்னும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

என் ஆதங்கமும் அதுதான். கடலை அறிந்தவனுக்குக் கடல் கூலி வேலையாக மட்டும் இருக்கிறது. கல்லைக் கட்டிக்கொண்டு முத்துக் குளித்தார்கள் நம் முன்னோர்கள். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பும் இல்லை. குளித்த எவராவது ஒரு முத்தைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். இலங்கை வல்வெட்டித்துறையில் நம் தமிழ்த் தச்சர்கள் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை, சின்னப் படகில் உலகம் சுற்றிய வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் ஆசைப்பட்டு விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளோடு அது அட்லாண்டிக்கைக் கடந்து 1938-ல் அமெரிக்காவின் கிளௌசெஸ்டர் போய்ச் சேர்ந்தது. கப்பல் நம்முடையது, கை நம்முடையது. ஆசை மட்டும் வேறு ஆளுடையது! ஏன், நமக்கு ஆசைப்படத் தெரியாதா?

அப்பா சொல்வதை நான் தப்பு என்று சொல்லவில்லை. புயலில் தோணி போன வீடுகள் எங்கள் தெருவிலும் உண்டு. ஆச்சி இன்றும் வாடை அடித்தால் தூங்குவதில்லை. வேலைக்குப் போவேன், தங்கச்சி கல்யாணத்தைப் பார்ப்பேன், கடனை அடைப்பேன். ஸ்லோக்கம் கிளம்பியது 51 வயதில். எனக்கு இன்னும் 33 வருஷம் இருக்கிறது. அதுவரை கைகட்டி நிற்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

சென்னைப் பெண் நேத்ரா குமணன் பாய்ப்படகுப் போட்டியில் ஒலிம்பிக் வரை போனார். என்.சி.சி. கடற்படைப் பிரிவு மாணவர்களுக்குப் பாய்ப்படகு சொல்லித் தருகிறார்கள். நம் பேரவை விளையாட்டு நிதியில் கிரிக்கெட் மட்டைக்கு ஒதுக்குவதில் கொஞ்சம் இதற்கும் ஒதுக்கக்கூடாதா? ஒரு சின்னப் படகு. கீல், மரம், சுக்கான் எல்லாம் நம் ஒர்க்‌ஷாப்பிலேயே செய்யலாம். வரைபடம் நான் போட்டு வைத்திருக்கிறேன். வெல்டிங்கில் கை சுத்தமான இரண்டு பேரும், பாய் தைக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். விருப்பம் உள்ளவர்கள் சனிக்கிழமை மதியம் ஒர்க்‌ஷாப் பின்புறம் வாருங்கள். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். நீச்சல் தெரியாதவர்களும் வரலாம், முதல் மாதம் அதைத்தான் பழகப் போகிறோம்.