சரயேவோவில் ரோமியோவுமில்லை, ஜூலியட்டுமில்லை

நம்மவர் மத்தியில் யுத்தகாலக் காதலைப் பற்றிப் பேச்செழுந்தால் போதும். 'சரயேவோவின் ரோமியோ ஜூலியட்' என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். கேட்க இனிமையான பெயர்தான். ஆனால் அது பொய்ப் பெயர்.

பொஷ்கோ பிர்கிச் சேர்பிய இளைஞன். அட்மிரா இஸ்மிச் பொஸ்னிய முஸ்லிம் யுவதி. பாடசாலைக் காலத்திலிருந்தே காதலர்கள். 1992 ஏப்ரலில் சேர்பியப் படைகள் நகரை முற்றுகையிட்டபோது பொஷ்கோ அவளுக்காக நகருக்குள்ளேயே தங்கினான். 1993 மே மாதம் இருவரும் வெளியேற முயன்றபோது வர்பான்யா பாலத்தில் சுடப்பட்டார்கள். அவன் அவ்விடத்திலேயே இறந்தான். காயமுற்ற அட்மிரா ஊர்ந்து சென்று அவனை அணைத்தபடி உயிர்விட்டாள். இருவருக்கும் வயது 25. உடல்கள் நாட்கணக்கில் அங்கேயே கிடந்தன. ஒவ்வொரு தரப்பும் மற்றதையே கைகாட்டியது. சுட்டவன் யாரென்பது நிரூபிக்கப்படவேயில்லை.

ஷேக்ஸ்பியரின் காதலர்களைப் பலிகொண்டது இரு குடும்பங்களின் பகை. இங்கே அந்தப் பகை எங்கே? பெற்றோர் இக்காதலை ஏற்றிருந்தனர். யுத்தத்துக்கு முந்திய சரயேவோவில் கலப்புத் திருமணம் புதினமுமன்று. ஆண்டுக்கணக்காக அவர்களைப் பிரிக்காத மதம் ஒரே நாளில் எப்படிக் கொலைகாரனாயிற்று? கொன்றது துப்பாக்கி. 'ரோமியோ ஜூலியட்' என்று நாம் உருகும்போது, துப்பாக்கி பிடித்தவன் சத்தமின்றித் தப்பிவிடுகிறான்.

இதே தந்திரம்தான் நமது சிறுகதைகளிலும் நடக்கிறது. தமிழ்ப் பையனும் முஸ்லிம் பெண்ணும் காதலித்தால் முடிவு இரண்டேதான். ஒன்று, கடைசிப் பந்தியில் கலிமா. அல்லது எங்கிருந்தோ வரும் ஒரு குண்டு. குண்டுக்கு ஊருமில்லை, பேருமில்லை. பழி மட்டும் 'இரு வேறு கலாசாரங்கள்' மீது.

மார்க்கம் திருமணத்துக்கு ஓர் எல்லை விதித்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அந்த எல்லையை மதிப்பது வேறு, ஆயுததாரியின் குற்றத்தை அதன் தலையில் கட்டுவது வேறு. பெற்றோர் மறுத்தால் கண்ணீர் வரும், ஜனாஸா வராது.

1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் கொன்றார்கள். ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விரட்டினார்கள். அதே ஆகஸ்ட்டில் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். அதில் நம்மவர் இருந்த ஊர்காவல் படைமீதும் குற்றச்சாட்டு உண்டு. ஒரே வரப்பில் நடந்து, ஒரே சந்தையில் விலை பேசிய இரு சமூகங்களைப் பிரித்தவை இவை. கலாசாரம் அன்றுதான் பிறந்ததா?

கதாசிரியர்களே, காதலை எழுதுங்கள். யார் வேண்டாமென்றார்? ஆனால் குண்டு வரும் இடத்தில் பேனாவை மூடாதீர்கள். சுட்டவன் எந்தப் பக்கத்தவன், ஏவியவன் யார், கண்டும் மௌனித்த ஊர்ப் பெரியவர் யார் என்று எழுதுங்கள். அவர் நமது பள்ளிவாசலின் முதல் வரிசையில் நிற்பவராயினும் எழுதுங்கள். அதற்குத் துணிவில்லையென்றால், இறந்துபோன அந்த இருவரையும் சும்மா விடுங்கள்.