பையைப் பார்ப்போம், பெயரைப் பார்க்க வேண்டாம்



எங்கேனும் அப்பாவி மக்கள்மீது பயங்கரவாதத் தாக்குதல் நடந்தால், அன்று மாலைக்குள் அந்தச் செய்தி ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் நம் படவேட்டுக்கும் வந்துவிடுகிறது. தேநீர்க் கடையில், பேருந்தில், திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் நிற்கும்போது எல்லாரும் அதையே பேசுகிறோம். 2025 ஏப்ரல் 22 அன்று காஷ்மீரின் பஹல்காமில் 26 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் இப்படித்தான் பேசினோம். முதலில் இறந்தவர்களுக்காக இரங்குகிறோம். அடுத்து, நமக்கும் இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்று அஞ்சுகிறோம். இவை இரண்டும் மனித இயல்பு. ஆனால் மூன்றாவதாக ஒரு வார்த்தை வருகிறது: "இந்த ஆட்களை நம்பவே கூடாது." தாக்கியவர்களைப் பற்றிய வார்த்தை அல்ல அது. அவர்களுடைய மதப் பெயரைத் தாங்கி நம் பக்கத்தில் வாழ்பவர்களைப் பற்றியது.

இந்த மூன்றாவது வார்த்தை நம்மைப் பாதுகாக்கிறதா? இக்கேள்வியை நாம் உணர்ச்சியால் அல்ல, நடந்த நிகழ்வுகளைக் கொண்டு சிந்திக்க வேண்டும். அதற்கு நம் திருச்சபையே இரத்தம் சிந்திய ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்.

உயிர்ப்புப் பெருவிழா அன்று

2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. இலங்கையில் காலைத் திருப்பலி வேளை. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் ஆலயம் ஆகிய மூன்று ஆலயங்களிலும், கொழும்பின் மூன்று பெரிய உணவு விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். சீயோன் ஆலயத்தில் ஞாயிறு மறைக்கல்விக்கு வந்திருந்த சிறுவர் சிறுமியர் பலர்.

கொச்சிக்கடை அந்தோனியார் நமக்கு அந்நியர் அல்லர். செவ்வாய்க்கிழமைகளில் கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தர்களும் இஸ்லாமியரும் நேர்ச்சையோடு வரும் திருத்தலம் அது. அங்கே இறந்தவர்களில் நம் மொழி பேசியவர்களும் இருந்தார்கள். அத்தாக்குதல்களில் இறந்த 167 கத்தோலிக்கரின் பெயர்களை, இந்த நூற்றாண்டின் விசுவாசச் சாட்சிகளின் பட்டியலில் வத்திக்கான் 2025இல் சேர்த்தது.

தாக்கியவர்கள் சஹ்ரான் ஹாசிம் என்பவரின் தலைமையில் இயங்கிய ஒரு தீவிரவாதக் குழுவினர். இஸ்லாமின் பெயரைச் சொல்லித்தான் அவர்கள் தாக்கினார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை. வெறுப்பைப் போதிப்பவர்களை அரசு கண்காணிக்க வேண்டும், குற்றவாளிகளைச் சட்டத்தின்முன் நிறுத்த வேண்டும். அதில் இரக்கம் என்ற பெயரில் தளர்வு கூடாது. ஆனால் அன்று பாதுகாப்பு எங்கே உடைந்தது என்று பார்க்கும்போதுதான் நமக்குப் பாடம் தொடங்குகிறது.

எச்சரிக்கை வந்தது, மக்களை எட்டவில்லை

2019 ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத்துறை இலங்கைக்குத் தகவல் கொடுத்துவிட்டது. ஏப்ரல் 11 அன்று இலங்கைக் காவல்துறையின் உயரதிகாரி ஒருவர் எழுதிய கடிதத்தில் சஹ்ரானின் பெயர் இருந்தது. கத்தோலிக்க ஆலயங்கள் குறிவைக்கப்படலாம் என்பதும் இருந்தது. அக்கடிதம் அமைச்சர்கள், நீதிபதிகள், தூதரகங்கள் ஆகியோரைப் பாதுகாக்கும் பிரிவுகளுக்குப் போனது. ஆலயங்களுக்கு மட்டும் போகவில்லை. கர்தினால் மால்கம் ரஞ்சித் அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் திருப்பலியை நிறுத்தியிருப்போம் என்று அவர் பின்னர் வேதனையோடு கூறினார்.

2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் இதே முடிவுக்கு வந்தது. தகவல் கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. காவல்துறை, உளவுத்துறை, பாதுகாப்பு அமைச்சகம் ஆகியவற்றின் முன்னாள் தலைமை அதிகாரிகளும் இழப்பீடு தர வேண்டும் என்றது.

ஆக, பக்கத்து வீட்டாரை மக்கள் அளவுக்கு மீறி நம்பியதால் அந்த ஆலயங்கள் தாக்கப்படவில்லை. பதவியில் இருந்தவர்கள் தங்களிடம் வந்த தகவலைத் தூங்கவிட்டதே காரணம்.

முதலில் எச்சரித்தவர்கள் யார்?

இன்னொரு உண்மையும் உண்டு. நாம் அதிகம் பேசாதது அது. சஹ்ரானைப் பற்றி முதலில் புகார் சொன்னவர்கள் இஸ்லாமியரே. அவருடைய ஊரான காத்தான்குடியில் அவரால் தாக்கப்பட்டவர்களும் முதலில் இஸ்லாமியரே. 2017 மார்ச்சில் அங்கே சூஃபி வழிபாட்டினர்மீது அவருடைய ஆட்கள் வன்முறையில் இறங்கினர். அதன்பின் அவர் தலைமறைவானார். இவரைப் பற்றிப் பல ஆண்டுகளுக்கு முன்பே அதிகாரிகளிடம் சொன்னோம் என்று இலங்கை முஸ்லிம் அமைப்புகளின் தலைவர்கள் தாக்குதலுக்குப் பிறகு தெரிவித்தார்கள்.

2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்ட வழக்கில் காவல்துறைக்கு உதவிய ஒரு இஸ்லாமியர், 2019 மார்ச்சில் தம் வீட்டில் படுத்திருந்தபோது தலையில் சுடப்பட்டுப் படுகாயமடைந்தார். ஆலயங்களில் குண்டு வெடிப்பதற்கு ஆறு வாரங்கள் முன்பு நடந்தது இது. தம் நாட்டு மக்களைக் காக்க உதவியதற்கு அவர் கொடுத்த விலை அது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. ஒரு சமூகத்தில் ஓர் இளைஞன் வழி தவறுகிறான் என்பதை முதலில் அறிபவர்கள் அந்தச் சமூகத்தின் பெற்றோரும் உறவினரும் பெரியவர்களும்தான். அவர்கள் தைரியமாக வந்து சொல்ல வேண்டுமானால், சொன்னால் கேட்பார்கள், நம்மைக் குற்றவாளியாகப் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வேண்டும். அந்த நம்பிக்கையை உடைப்பவர்கள் தங்கள் வீட்டுக்கு வர வேண்டிய எச்சரிக்கையையே தடுத்துவிடுகிறார்கள்.

பழி யார்மீது விழுந்தது?

தாக்குதலுக்குப் பின் நடந்தது என்ன? நீர்கொழும்பில் அடைக்கலம் தேடியிருந்த ஏறத்தாழ ஆயிரம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் வாடகை வீடுகளை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சொந்த நாட்டில் தீவிரவாதிகளுக்கு அஞ்சி ஓடி வந்தவர்கள் அவர்கள். அவர்களிடையே கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். மே 12 முதல் 14 வரை மினுவாங்கொடை, குளியாப்பிட்டி முதலிய ஊர்களில் பள்ளிவாசல்களும் கடைகளும் வீடுகளும் கும்பல்களால் தாக்கப்பட்டன. ஓர் இஸ்லாமியர் கொல்லப்பட்டார். குருநாகல் அரசு மருத்துவமனையில் பணியாற்றிய இஸ்லாமிய மருத்துவர் ஒருவர், சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்தார் என்ற வதந்தியால் கைது செய்யப்பட்டார். குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 2022இல் அவருக்கு நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது நாடு கடும் நெருக்கடியில் மருந்தின்றித் தவித்தது. அத்தொகையை மருந்து வாங்கக் கொடுத்துவிட்டார் அவர்.

கெத்சமனித் தோட்டத்தில் பேதுரு வாளை உருவியதை நாம் அறிவோம். இயேசுவைக் கொல்லத் திட்டமிட்டவர்கள்மீது அந்த வாள் விழவில்லை. கூட வந்த ஒரு பணியாளரின் காதில் விழுந்தது. ஆண்டவர் பேதுருவைத் தடுத்து, அந்தக் காதைக் குணமாக்கினார். அச்சத்தில் உருவும் வாள் எப்போதும் கைக்கெட்டிய ஆள்மீதுதான் விழுகிறது. திட்டமிட்டவனும் தப்பிவிடுகிறான், கடமை தவறிய அதிகாரியும் தப்பிவிடுகிறான்.

கர்தினால் ரஞ்சித் அவர்கள் இதை உணர்ந்திருந்தார். தம் மந்தையில் அத்தனை பேரைப் பறிகொடுத்த நிலையிலும், இஸ்லாமியர்மீது கை வைக்கக் கூடாது என்று மக்களைக் கேட்டுக்கொண்டார். ஆலயங்களில் பொதுத் திருப்பலிகளை நிறுத்தி, ஏப்ரல் 28 ஞாயிறு அன்று தம் இல்லத்திலிருந்து தொலைக்காட்சி வழியாகத் திருப்பலி நிறைவேற்றினார். அதே வேளையில், முழு உண்மை வெளிவர வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் அரசுகளிடம் கேட்டு வந்தார். மன்னிப்பு என்பது நீதியைக் கைவிடுவது அல்ல. பக்கத்து வீட்டாரை விட்டுவிட்டு, பதில் சொல்ல வேண்டியவர்களிடம் கேள்வி கேட்பதே கிறிஸ்தவ நீதி.

நம் தமிழகத்தின் அனுபவம்

கோவையை நாம் மறக்க முடியாது. 1997 நவம்பர் இறுதியில் ஒரு காவலர் கொலை செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 இஸ்லாமியர் உயிரிழந்தனர். 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டனர். பழிக்குப் பழி என்பது எங்கே கொண்டு போய் விடும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அதே கோவையில் 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தைய நாள், கோட்டை ஈஸ்வரன் கோவில் முன்பு கார் ஒன்று வெடித்தது. காரில் வந்தவர் இறந்தார். இம்முறை நகரம் பற்றி எரியவில்லை. புலனாய்வைத் தேசியப் புலனாய்வு முகமை ஏற்றது. ஜமாஅத் பெரியவர்கள் அக்கோவிலுக்கே சென்று அங்குள்ளவர்களைச் சந்தித்துத் தங்கள் நல்லெண்ணத்தைத் தெரிவித்தார்கள். குற்றத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ள, அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வதந்தி என்ன செய்யும் என்பதையும் 2019இல் கண்டோம். இலங்கைத் தாக்குதல் நடந்து ஐந்தே நாளில், தீவிரவாதிகள் இராமநாதபுரத்தில் இருக்கிறார்கள், தென்மாநில நகரங்களைத் தாக்கப் போகிறார்கள் என்று பெங்களூரு காவல்துறைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பல மாநிலங்கள் உஷார்படுத்தப்பட்டன. அது முழுப் பொய் என்று தெரிந்து, பேசியவர் கைது செய்யப்பட்டார். ஒரே ஒரு பொய் அத்தனை மாநிலக் காவலர்களையும் அலைக்கழித்தது என்றால், நம் கைபேசியில் நாள்தோறும் வரும் பொய்கள் எத்தனை மனங்களைக் கெடுக்கும்!

நாம் செய்ய வேண்டியது

அப்படியானால் பாதுகாப்பே வேண்டாமா? வேண்டும். எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியா இறைவனிடம் மன்றாடினார், கூடவே இரவும் பகலும் காவலும் வைத்தார். செபமும் காவலும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

எப்படிப்பட்ட காவல் என்பதை மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் உயிர்நீத்த ஒரு சகோதரரிடம் கற்றுக்கொள்வோம். பெரிய பையோடு வந்த அந்நியரைக் கண்டு அவர் சந்தேகப்பட்டார். யார், எதற்காக வந்தீர்கள் என்று விசாரித்தார். ஆலயத்தினுள் விடாமல் வெளியே தடுத்தார். குண்டு முற்றத்தில் வெடித்தது. அவரும் இறந்தார், ஆனால் உள்ளே இருந்த நூற்றுக்கணக்கானோரில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். அவருக்கு எச்சரிக்கை தந்தது அந்த ஆளின் பையும் நடத்தையும்தான். விழிப்பு என்பது இதுதான்.

படவேட்டில் ஆடி மாதம் ரேணுகாம்பாள் கோவிலுக்குப் பெருங்கூட்டம் வருகிறது. நம் ஆலயத் திருவிழாவிலும் தேர்பவனியிலும் கூட்டம் சேர்கிறது. திருவிழாவுக்கு முன் பங்குப்பேரவையும் இளையோரும் காவல் நிலையத்தாரோடு கலந்து பேசட்டும். வெளியேறும் வழிகளை அடைக்காமல் வைப்போம். கேட்பாரற்றுக் கிடக்கும் பையைத் தொடாமல் 112க்குச் சொல்வோம். சோதனை செய்தால் எல்லாரையும் ஒரே விதமாக, மரியாதையோடு செய்வோம். தாடியையும் தொப்பியையும் பார்த்து ஒருவரை மட்டும் ஒதுக்கி நிறுத்த வேண்டாம். உண்மை தெரியாத செய்தியை அன்பியக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ஆரணி என நம் சுற்றுப்புற ஊர்களிலெல்லாம் இஸ்லாமியரோடு வேலையும் வியாபாரமும் நட்பும் நமக்கு உண்டு. ஆபத்து வருமுன்னே அவர்களுடைய பெரியவர்களை அறிந்து வைப்போம். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அழைப்போம், நோன்புப் பெருநாளில் நாமும் போவோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019 பிப்ரவரி 4 அன்று அபுதாபியில் அல்-அஸ்ஹர் தலைமை இமாமோடு மனித உடன்பிறப்பு உணர்வு குறித்த ஆவணத்தில் கையெழுத்திட்டார். இலங்கைத் தாக்குதலுக்கு பதினொரு வாரங்கள் முன்பு அது. குண்டுகள் அந்த ஆவணத்தைப் பொய்யாக்கவில்லை. அது எவ்வளவு அவசியம் என்றே காட்டின.

பஹல்காமில் சுற்றுலாப் பயணிகளைக் காக்க முயன்று உயிர்விட்ட குதிரைக்காரர் ஒரு காஷ்மீர் இஸ்லாமியர். அங்கே கணவரை இழந்த ஓர் இளம் பெண், இஸ்லாமியர்மீதும் காஷ்மீர் மக்கள்மீதும் வெறுப்பு வேண்டாம், எங்களுக்கு நீதி வேண்டும் என்று கேட்டார். அதற்காகவே அவரைச் சமூக ஊடகங்களில் பலர் இழிவாகப் பேசினார்கள். அவரைவிடப் பெரிய இழப்பு அப்படிப் பேசியவர்களுக்கு நேர்ந்ததா? நமக்குத்தான் நேர்ந்ததா?

அடுத்த முறை துயரச் செய்தி வரும்போது இறந்தவர்களுக்காகச் செபிப்போம், வாசலில் விழிப்போடு நிற்போம், அதிகாரத்தில் இருப்பவர்களிடம் கேள்வி கேட்போம். அந்த மூன்றாவது வார்த்தை நாவில் வரும்போது மட்டும் பேதுருவின் வாளை நினைத்து நிறுத்திக்கொள்வோம்.

கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் கோவையிலும் பஹல்காமிலும் உயிரிழந்த அனைவரையும், இன்றும் காயங்களோடு வாழும் அவர்களுடைய குடும்பங்களையும் இந்த வாரத் திருப்பலியில் நினைவுகூர்வோம்.