வாசலுக்கு வெளியே நிற்கட்டும்

கடன்பட்டவன் வீட்டை விற்றாவது கடனை அடைக்க வேண்டும், இல்லையேல் ஏழாம் கட்டளைக்கு என்ன பொருள் என்று கேட்கும் நல்ல கத்தோலிக்கர் நம்மிடையே உண்டு. நொடித்தவனின் வீட்டைச் சட்டமே காப்பது நாணயக்கேட்டிற்குத் துணைபோவது என்பது அவர்கள் வாதம். இதை நாம் ஏற்க இயலாது. கடனைத் திருப்பித் தருவது நீதியே; அந்நீதிக்கு எல்லை வகுத்தவரும் ஆண்டவரே. திரிகைக் கல்லை அடகாக வாங்கலாகாது என்றும், அடகுப் பொருளைப் பெற வருபவன் கடனாளியின் வீட்டினுள் நுழையாது வெளியே நிற்க வேண்டும் என்றும் இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம் விதிக்கிறது.

இவ்வெல்லையை அமெரிக்க மண்ணில் முதலில் சட்டமாக்கியது, அன்று தனிக் குடியரசாயிருந்த டெக்சாஸ். 1837ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியில் நொடித்துப் போனோர் பலர் அங்குக் குடியேறினர். 1839இல் வந்த சட்டம் 50 ஏக்கர் நிலம் அல்லது நகரில் ஒரு மனை, தொழிற்கருவிகள், ஐந்து கறவைப் பசுக்கள், ஓர் ஏர் மாடு, ஓராண்டு உணவு ஆகியவற்றைக் கடன் கொடுத்தோரின் கைக்கு எட்டாதபடி வைத்தது. (அடிமை முறையைப் போற்றிய குடியரசு அது என்பதையும் மறப்பதற்கில்லை.) குடும்பம் மறுநாள் எழுந்து பிழைக்க எது வேண்டுமோ அதுவே அளவுகோல். திரிகைக் கல்லின் நியாயமும் அதுவன்றோ?

'வாழ்மனை விலக்கு' எனத்தக்க அச்சட்டம் இன்று அந்த அளவுகோலை இழந்து நிற்கிறது. வீட்டின் மதிப்பில் அடமானக் கடன் போக எஞ்சுவதே உரிமையாளரின் பங்கு. கூட்டாட்சித் திவால் சட்டப்படி 2025 ஏப்ரல் முதல் 31,575 டாலர் வரையான பங்குக்கு விலக்கு உண்டு. பங்கு அதற்கு மிகுந்தால், திவால் பொறுப்பாளர் வீட்டை விற்று, அத்தொகையை மட்டும் உரிமையாளரிடம் தந்து, மீதியைக் கடன் கொடுத்தோர்க்குப் பகிரலாம். பல மாநிலங்கள் தத்தம் அளவையே கைக்கொள்கின்றன. புளோரிடாவிலோ மதிப்புக்கு வரம்பே இல்லை. நகரில் அரை ஏக்கர், வெளியே 160 ஏக்கர் என நிலத்துக்கு மட்டுமே வரம்பு. திவாலாகுமுன் பணத்தை மாளிகையாக்கிக் கொள்ளும் தந்திரம் பெருகவே, 1,215 நாட்களுக்குள் வாங்கிய வீட்டுக்கு 1,25,000 டாலர் என 2005இல் வரம்பிட்டனர்; அது அவ்வப்போது உயர்த்தப்படுகிறது. பொதுவாக, பழைய மாளிகைக்கு அவ்வரம்பு இல்லை.

கூலி உழைப்பாளியின் நிலை வேறு. அவர் வீடு அடமானத்தில் இருக்கிறது. அடமானம் பெற்ற வங்கியை இவ்விலக்கு தடுப்பதில்லை. நிலையான வருவாய் இருந்தால், நிலுவையை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் கட்ட நீதிமன்றம் இசையலாம். வேலை போனவர் என் செய்வார்? கடனின்றி மாளிகை உடையவர்க்கு முழுக் காப்பு, தவணை கட்டுவோர்க்கு வங்கியின் தயவு! காப்பு மிகுதி என்பதன்று நம் குறை. அளவு பிறழ்ந்தது என்பதே. திரிகைக் கல்லைக் காத்தது அதன் விலைக்காக அன்று.

நம் நாட்டின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவில் உழவர், தொழிலாளர், வீட்டு வேலையாள் ஆகியோர் குடியிருக்கும் வீட்டை ஜப்தியினின்று விலக்குகிறது. ஆளைப் பார்த்த இவ்விதி, நம் எண்ணத்தில் புளோரிடாவினதினும் மேலானது. எனினும் பத்திரத்தை அடமானம் வைத்தவர்க்கு இது உதவாது. 2002ஆம் ஆண்டுச் சட்டமோ, முன்னதாக வழக்குத் தொடுக்காமலே அவ்வீட்டைக் கையகப்படுத்த வங்கிகளுக்கு அதிகாரம் தந்தது. வங்கியைச் சாடுவது எளிது. நம் பங்குகளில் சேமிப்பும் கடனும் நடத்தும் சங்கங்கள், மகளின் திருமணத்திற்குக் கடன் கேட்டு வரும் விதவையிடம் எதைப் பிணையாகக் கேட்கின்றன? வீட்டுப் பத்திரத்தையா?